பழைய டிராக்டருக்கு ஏற்ற எண்ணெய்

மழை பெய்த மறுநாள் விடியற்காலையில் தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களில் முன்பெல்லாம் ஏர் மாடுகளின் மணியோசை கேட்கும். இப்போது கேட்பது டிராக்டரின் ஓசை. அருகே சென்று பார்த்தால் அவற்றுள் பல புதிய வண்டிகள் அல்ல என்பது விளங்கும். தந்தை வாங்கியதை மகன் ஓட்டுகிறான். ஒருவர் விற்றதை மற்றொருவர் வாங்கி ஓட்டுகிறார். முப்பது, நாற்பது ஆண்டு உழைத்த வண்டிகளும் இன்னும் சட்டிக் கலப்பையை இழுத்துக்கொண்டுதான் போகின்றன. அப்படிப்பட்ட ஒரு பழைய டிராக்டரின் எஞ்சினுக்கு எந்த எண்ணெயைத் தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றியே இங்குச் சொல்லப் போகிறேன்.

இது உழவர்களும் மெக்கானிக்குகளும் பேசிக்கொள்ள வேண்டிய செய்தியாயிற்றே, மாணவர்களாகிய நமக்கு எதற்கு என்று நீங்கள் எண்ணலாம். விடுமுறைக்கு ஊருக்குப் போனதும், "கடைக்குப் போய் ஒரு டின் ஆயில் வாங்கிக்கொண்டு வா" என்று அனுப்பப்படுபவர் பெரும்பாலும் நீங்கள்தாம். கடைக்காரர் அலமாரியில் பத்து வகை டின்களைக் காட்டுவார். ஒவ்வொன்றின் மேலும் எண்களும் எழுத்துகளும் நெருக்கமாக அச்சிட்டிருக்கும். நீங்கள் வகுப்பில் படித்த இயற்பியலும் வேதியியலும் அந்த டின்னின் மேல்தான் எழுதப்பட்டிருக்கின்றன. அதைப் படிக்கத் தெரிந்தவர் வீட்டில் நீங்கள் ஒருவராகவே இருக்கலாம்.

அதைத் தவறாகப் படித்தால் வரும் இழப்பும் சிறியதன்று. பாலக்கோடு, பென்னாகரம், அரூர் வட்டாரங்களில் வானம் பார்த்த நிலம் மிகுதி. கேழ்வரகோ, சாமையோ, நிலக்கடலையோ விதைப்பதற்கு மண்ணில் பதமான ஈரம் நிற்பது மழைக்குப் பின் சில நாள்களே. அந்த நாள்களில் எஞ்சின் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டால் உடையவருடைய நிலம் மட்டுமா தரிசாகிறது? வாடகை உழவுக்கு அவரை நம்பியிருக்கும் அண்டை வயல்களும் தரிசாகின்றன. கிராங்க் தண்டைச் சாணை பிடித்து, தாங்கிகளை மாற்றி, பிஸ்டன்களையும் வளையங்களையும் புதிதாகப் போட்டு எஞ்சினை மீட்பதற்குள் பட்டம் கடந்துவிடும். ஒரு சிறு குடியானவருக்கு அந்த ஆண்டின் வரும்படியும் அதிலேயே கரைந்துவிடும்.

இந்தத் தகடூர் மண்ணை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினியைப் பாடிய ஔவையார், உப்பு வணிகர் தம் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போகும் வழக்கத்தைப் புறநானூற்றுப் பாட்டொன்றில் உவமையாகக் காட்டுகிறார். வழியில் அச்சு முறிந்தால் மாற்று அச்சு கைகொடுக்கும். டிராக்டருக்கு அப்படி ஒரு மாற்றுத் தண்டை யாரும் கட்டிக்கொண்டு போவதில்லை. அதன் காவல் முழுவதும் எஞ்சினின் அடித்தொட்டியில் கிடக்கும் சில லிட்டர் எண்ணெயிடமே ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.

நம் நாட்டில் டிராக்டர் செய்யத் தொடங்கியது 1959-ஆம் ஆண்டில். பரிதாபாத்தில் ஐஷர் நிறுவனம் ஜெர்மானியக் கூட்டுறவோடு முதல் வண்டியை வெளியிட்டது. அடுத்த ஆண்டு சென்னையில் டாஃபே நிறுவனம் தோன்றி, மாசி பெர்குசன் வண்டிகளைச் செய்யலாயிற்று. மகிந்திராவின் கூட்டு நிறுவனம் 1963-லும், எச்.எம்.டி. டிராக்டர் 1971-லும், சுவராஜ் 1974-லும் வந்தன. அக்காலத்து எஞ்சின்களின் அமைப்பு எளிது, இரும்போ கனமானது. அதனால்தான் அவ்வழியில் வந்த வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. ஆனால் வண்டியோடு வந்த கையேடு பெரும்பாலும் கறையானுக்கு இரையாகியிருக்கும். தப்பிப் பிழைத்த கையேட்டிலோ, இன்று கடையில் கிடைக்காத எண்ணெய் வகைகளின் பெயர்கள் இருக்கும். அக்காலத்துப் பெயரை இக்காலத்துப் பெயராக மாற்றிக்கொள்ளத் தெரிய வேண்டும். இங்குள்ள சிக்கலில் பாதி அதுவே.

முதலில், எண்ணெய் எஞ்சினுக்குள் என்ன செய்கிறது? "வழவழப்பாக்குகிறது" என்று ஒரு சொல்லில் விடை சொல்லிவிடுவது வழக்கம். அந்த விடை போதாது.

1883-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் போஷம் டவர் என்னும் பொறியாளர் இரயில் வண்டி அச்சுகளின் தாங்கிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் உச்சியில் ஒரு துளையிட்டார். அச்சு சுழன்றதும், உள்ளே இறங்க வேண்டிய எண்ணெய் அந்தத் துளை வழியே மேலே பொங்கி வந்தது. ஒரு தக்கையை வைத்து அடைத்தார்; தக்கையை எண்ணெய் தள்ளிவிட்டது. மர முளையை அடித்தார். அதுவும் மெல்ல மெல்ல வெளியேறிற்று. வியப்படைந்து அழுத்தமானியை இணைத்துப் பார்த்தபோது முள் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டைத் தாண்டிச் சென்றது. யாரும் பம்பு வைத்து எண்ணெயை அழுத்தவில்லை. சுழலும் அச்சே எண்ணெயைத் தன்னோடு இழுத்துச் சென்று, ஆப்புப் போன்ற குறுகிய இடைவெளியில் திணித்து, அந்த அழுத்தத்தை உண்டாக்கியது. மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1886-இல், ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் தந்தார்.

இதனால் நாம் அறிவது யாது? நல்ல நிலையில் ஓடும் எஞ்சினில் கிராங்க் தண்டு தாங்கியைத் தொடுவதே இல்லை. மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றின் மேல் மிதந்துகொண்டே சுழல்கிறது. தண்டுக்கும் தாங்கிக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு தலைமயிரின் பருமன் அளவே இருக்கும். எண்ணெய் மிக நீர்த்திருந்தால் சுமை ஏறும்போது படலம் கிழிந்து உலோகம் உலோகத்தோடு உரசும். மிகக் கெட்டியாக இருந்தால் அந்த நுண்ணிய சந்துக்குள் போதிய விரைவில் போய்ச் சேராது. காலையில் எஞ்சினைக் கிளப்பிய முதற்சில நொடிகள் தாங்கி பட்டினி கிடக்கும். அது மட்டுமன்று. தாங்கியின் சூட்டைச் சுமந்து வெளியேற்றுவதும் பாய்ந்துகொண்டிருக்கும் எண்ணெயே. பாய்ச்சல் குறைந்தால் சூடு தேங்கும். "கெட்டியாக இருந்தால்தான் நல்ல எண்ணெய்" என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. விரலுக்கிடையே தேய்த்துப் பார்த்துவிட்டுத் தலையசைக்கும் பெரியவர்களை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அந்த நம்பிக்கையில் பாதி உண்மையே. மறுபாதி எஞ்சினைக் கெடுக்கும்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித்தந்த பழைய பாடம். ஆகையால் ஆய்வகத்திலிருந்து தொடங்குகிறேன். உயரமான கண்ணாடிக் குழாயில் ஆமணக்கெண்ணெயை நிரப்பி, ஒரு சிறு எஃகுக் குண்டை மேலிருந்து விட்டு, அது குறித்த தொலைவைக் கடக்க எவ்வளவு நேரமாகிறது என்று நீங்கள் கணக்கிட்டிருப்பீர்கள். ஸ்டோக்ஸ் விதியைக் கொண்டு அதிலிருந்து பாகுநிலையைக் கண்டறிவோம். அதே சோதனையை மார்கழிக் காலையிலும் சித்திரை நண்பகலிலும் செய்து பாருங்கள். இரண்டு விடைகள் கிடைக்கும். வெல்லப்பாகு சூட்டில் இளகி ஓடுவதுபோல் எண்ணெயும் இளகும். எஞ்சின் எண்ணெய் 40 பாகை வெப்பத்தில் இருந்த பாகுநிலை, 100 பாகையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். எனவே, வெப்பநிலையைக் கூறாமல் ஓர் எண்ணெயைக் கெட்டியானது, நீர்த்தது என்று சொல்வதில் பொருளே இல்லை. கடையில் டின்னைத் திறந்து விரலால் தொட்டுப் பார்ப்பவர் குளிர்ந்த எண்ணெயைத் தொடுகிறார். கடுமையாக உழும் எஞ்சினில் வேலை செய்யும் எண்ணெயோ 100 பாகையை ஒட்டிய வெப்பத்தில் இருக்கிறது.

இதற்காகத்தான் எஸ்.ஏ.ஈ. எண்கள் ஏற்பட்டன. எஸ்.ஏ.ஈ. என்பது அமெரிக்காவில் 1905-இல் தோன்றிய மோட்டார்ப் பொறியாளர் சங்கம். அது 1911-இல் எண்ணெய்களைப் பாகுநிலைப்படி வகுத்தது. இன்றைய வகுப்பின்படி, 100 பாகை வெப்பத்தில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை உள்ள எண்ணெய் 30 ஆம் எண், 12.5 முதல் 16.3 வரை உள்ளது 40 ஆம் எண். அதற்கு மேல் 21.9 வரை 50 ஆம் எண். நீரின் பாகுநிலை அறை வெப்பத்தில் ஏறத்தாழ 1 சென்டிஸ்டோக் என்பதை நினைவில் வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 40 என்பது வெப்பநிலை அன்று. விலையையோ தரத்தையோ குறிக்கும் எண்ணும் அன்று. சூடான எண்ணெய் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதற்கு இட்ட ஒரு வகுப்பு எண் மட்டுமே.

இப்போது பெரும்பாலான டின்களில் 20 டபிள்யூ 40 என்றும் 15 டபிள்யூ 40 என்றும் இரண்டு எண்கள் இருக்கும். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கில முதலெழுத்து. குளிரில் அந்த எண்ணெய் எவ்வளவு எளிதாகப் பாயும் என்பதை முதல் எண் சொல்கிறது. சிறிய எண் என்றால் எளிதாகப் பாயும். சூட்டில் எப்படி நிற்கும் என்பதை இரண்டாம் எண் சொல்கிறது. குளிரில் விறைக்காமலும் சூட்டில் மிகவும் இளகாமலும் இருக்கும்படி, நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலான சேர்மானத்தைக் கலந்து இவ்வெண்ணெயைச் செய்கிறார்கள்.

நம் மாவட்டத்துக்கு இவற்றுள் எது பொருந்தும்? இங்கே பனி உறையும் குளிர் இல்லை. மார்கழி, தை விடியலில் போர்வையை இழுத்துப் போர்த்துக்கொள்ளும் அளவுக்குத்தான் குளிரும். சித்திரை, வைகாசியிலோ வெயில் 38 பாகையைத் தொடும். ஆகவே இங்கு நாம் கவலைப்பட வேண்டியது இரண்டாம் எண்ணைப் பற்றியே. பழைய கையேட்டில் வெப்ப நாடுகளுக்கு எஸ்.ஏ.ஈ. 40 என்று கண்டிருந்தால், இன்று 20 டபிள்யூ 40, 15 டபிள்யூ 40 ஆகிய இரண்டுமே அதற்கு ஈடாகும். இரண்டுக்கும் விலையில் வேறுபாடு இருந்தால், குளிர்காலத் திறனுக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்க வேண்டிய தேவை தருமபுரி உழவருக்கு இல்லை என்பது என் கருத்து. 15 டபிள்யூ 40 காலையில் சற்று விரைவாகப் பாயும் என்பதையும் மறுக்கவில்லை.

இங்கே இரண்டு குழிகள் இருக்கின்றன. ஒன்று, மோட்டார் சைக்கிளுக்கான எண்ணெய். அந்த டின்னிலும் 20 டபிள்யூ 40 என்றே போட்டிருக்கும். எண் ஒன்றாக இருப்பதால் எண்ணெயும் ஒன்றே என்று கருதிவிடக் கூடாது; அது பெட்ரோல் எஞ்சினுக்கென்று செய்யப்பட்டது. மற்றொன்று கியர் ஆயில். அதன் டின்னில் 90 என்று இருப்பதைக் கண்டு, "நாற்பதைவிடத் தொண்ணூறு இருமடங்கு கெட்டி" என்று கணக்குப் போடுவோர் உண்டு. கியர் எண்ணெய்களுக்குத் தனி அளவுகோல் வகுத்திருக்கிறார்கள். அந்த அளவுகோலின் 90, எஞ்சின் எண்ணெய் அளவுகோலின் 40, 50 ஆகியவற்றின் பாகுநிலையையே ஒத்திருக்கும். கெட்டியில் பெரிய வேறுபாடு இல்லை. சேர்மானங்களில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. கியர்ப் பற்களைக் காப்பதற்காக அதில் சேர்க்கும் கந்தகச் சேர்மங்கள் எஞ்சினின் சூட்டில் தாங்கி உலோகத்தை அரிக்கக்கூடியவை. டீசல் கரியைக் கழுவும் ஆற்றலும் அதற்கு இல்லை. அவசரத்துக்குக்கூட அதை எஞ்சினில் கலக்கலாகாது.

எண்களுக்கு அடுத்தபடியாக எழுத்துகள். அமெரிக்கப் பெட்ரோலிய நிலையம், அதாவது ஏ.பி.ஐ., எண்ணெய்களை அவை தாங்கும் உழைப்பின்படி வகுக்கிறது. 1952-இல் டீசல் எஞ்சின்களுக்கு டி.ஜி., டி.எம்., டி.எஸ். என்று மூன்று வகை வைத்திருந்தது. 1960-களின் கையேடுகளில் இவற்றைக் காணலாம். 1970-ஐ ஒட்டி அந்த முறை மாறிற்று. எஸ் என்று தொடங்கினால் பெட்ரோல் எஞ்சினுக்கு உரியது. சி என்று தொடங்கினால் டீசலுக்கு உரியது. சி.ஏ., சி.பி., சி.சி., சி.டி. என்று தொடங்கிய வரிசை பின்னர் சி.எப்.4, சி.ஜி.4, சி.எச்.4, சி.ஐ.4 என்று வளர்ந்து, 2016-இல் சி.கே.4 வரை வந்திருக்கிறது. பின்வரும் எழுத்துடையது முன்னதைவிடக் கரியையும் சூட்டையும் அமிலத்தையும் நன்றாகத் தாங்கும். பழைய கையேடு சி.சி. என்றோ சி.டி. என்றோ கேட்டால், இன்று சி.எச்.4, சி.ஐ.4 ஆகியவற்றுள் கிடைப்பதை அதே பாகுநிலை எண்ணில் வாங்கி ஊற்றலாம். "பழைய எஞ்சினுக்குப் பழைய ஆயில்தான் ஒத்துக்கொள்ளும்" என்பதற்கு அடிப்படை இல்லை. ஒரே ஒரு விலக்கு: 2016-இல் சி.கே.4-உடன் சேர்ந்து வந்த எப்.ஏ.4 என்னும் வகை. புதுவகை எஞ்சின்களுக்கென்று வேண்டுமென்றே நீர்க்கச் செய்யப்பட்ட எண்ணெய் அது. நம் பழைய வண்டிகளுக்கு ஆகாது.

வேதியியல் மாணவர்களுக்குச் சுவையான செய்தி ஒன்று இதில் இருக்கிறது. டீசலில் கந்தகம் உண்டு. அது எரிந்து கந்தக ஆக்சைடுகளாகி, எரிதலில் உண்டாகும் நீராவியோடு சேர்ந்து கந்தக அமிலமாகி, சிலிண்டர்ச் சுவரை அரிக்கும். அதை முறிப்பதற்காகவே எண்ணெயில் காரப் பொருள்களைச் சேர்க்கிறார்கள். ஒரு காலத்தில் நம் நாட்டு டீசலில் நூற்றுக்கு ஒரு பங்கு வரை கந்தகம் இருந்தது. 2010-இல் பத்து லட்சத்துக்கு 350 பங்கு என்றும், 2017-இல் 50 பங்கு என்றும் குறைந்து, 2020 ஏப்ரல் முதல் 10 பங்கு என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. முன்பு எண்ணெயின் காரம் விரைவில் செலவழிந்தது. இப்போது அந்தச் சுமை பெரிதும் குறைந்துவிட்டது. பழைய எஞ்சினுக்குப் புதிய டீசலால் கிடைத்த நன்மைகளுள் இது ஒன்று.

எண்ணெய் எதனால் ஆனது என்பதையும் ஓரிரு வரிகளில் சொல்லிவிடுகிறேன். கச்சா எண்ணெயிலிருந்து பிரித்த கனமான அடிப்படை எண்ணெயே அதில் பெரும்பகுதி. நம் மாநிலத்தில் மணலியில் 1969-இல் இயங்கத் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலையிலும் இவ்வகை அடிப்படை எண்ணெய் எடுக்கிறார்கள். கரியைக் கழுவுவது, கழுவிய கரியைத் திரளாமல் மிதக்கவிடுவது, துருவைத் தடுப்பது, நுரையை அடக்குவது போன்ற வேலைகளுக்கான சேர்மானங்களை அதில் கலக்கிறார்கள். டீசல் எஞ்சினில் ஊற்றிய எண்ணெய் சில மணி நேரத்திலேயே கறுத்துவிடுவது அதனால்தான். "ஆயில் கறுத்துவிட்டது, கெட்டுவிட்டது" என்று வருந்த வேண்டியதில்லை. எஞ்சினில் படிய வேண்டிய கரி எண்ணெயில் மிதக்கிறது என்பதே அதன் பொருள். பல ஆண்டுகள் மலிவான எண்ணெயில் ஓடி உள்ளே கசடு படிந்த எஞ்சினில் மட்டும், முதன்முதலாக நல்ல எண்ணெய் ஊற்றும்போது கசடு கரைந்து வடிகட்டியை அடைக்கக்கூடும். அப்போது முதல் தடவை வழக்கமான காலத்தில் பாதியிலேயே எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றிவிட வேண்டும்.

எண்களையும் எழுத்துகளையும் படிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, எஞ்சினையும் படிக்க வேண்டும் என்பதற்கு எங்கள் குடும்பத்தில் நடந்ததொன்றைச் சொல்லுகிறேன். 2019-ஆம் ஆண்டு ஆடி மாதம். காரிமங்கலத்தை அடுத்த சிற்றூரில் இருக்கும் என் தம்பி மகன் ஒரு பழைய மூன்று சிலிண்டர் டிராக்டரை வைத்து வாடகை உழவு செய்கிறான். நல்ல மழை பெய்திருந்தது. நிலக்கடலை விதைக்க ஊரே காத்திருந்தது. அன்றிரவு அவன் என்னிடம் வந்தான்.

"பெரியப்பா, எஞ்சின் சூடானதும் ஆயில் பிரஷர் முள் கீழே இறங்கிவிடுகிறது. கடைக்காரர் ஐம்பது நம்பர் போடச் சொல்லுகிறார். மாமா கியர் ஆயிலைப் பாதி கலந்தால் சரியாகும் என்கிறார். எதைப் போடட்டும்?"

"எதையும் ஊற்றாதே கண்ணு. கடைசியாக எப்போது ஆயில் ஊற்றினாய்?"

"இருபது நாள் ஆயிற்று. அதற்குப் பிறகு ஒரு சொட்டும் ஊற்றவில்லை."

மறுநாள் விடிந்ததும் அளவுக்கோலை உருவிப் பார்த்தோம். இருபது நாள் உழுத எஞ்சினில் எண்ணெய் குறைந்திருக்க வேண்டும். இங்கோ மேற்கோட்டையும் தாண்டி ஒரு விரற்கடை ஏறியிருந்தது. கோலின் நுனியிலிருந்து நீர்போல் சொட்டியது. முகர்ந்தால் டீசல் நெடி. எண்ணெய் தானாக வளராது அல்லவா? வேறொன்று வந்து கலந்திருக்கிறது. மெக்கானிக்கை அழைத்து வந்தோம். அவர் எஞ்சினின் பக்கவாட்டில் இருக்கும் டீசல் ஏற்றும் பம்பைக் கழற்றினார். அதனுள் இருந்த ரப்பர் சவ்வு வெடித்திருந்தது. சவ்வின் வெடிப்பு வழியே டீசல் கசிந்து எண்ணெய்த் தொட்டியில் இறங்கிக்கொண்டிருந்தது. சவ்வை மாற்றி, நீர்த்த எண்ணெயை முழுவதும் வடித்துவிட்டு, வடிகட்டியையும் புதிதாகப் போட்டு, பழைய 20 டபிள்யூ 40 எண்ணெயையே ஊற்றினோம். முள் தன் இடத்தில் நின்றது. அந்தச் சவ்வின் விலை ஒரு டின் எண்ணெயின் விலையைவிடக் குறைவு. அன்று பிற்பகலே அவன் உழப் போய்விட்டான். ஈரம் காய்வதற்குள் கேட்டவர்களின் வயல்களையெல்லாம் உழுது முடித்தான்.

ஐம்பது நம்பர் எண்ணெயை ஊற்றியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். முள் இரண்டு நாள் மேலே நின்றிருக்கும், எல்லாரும் மகிழ்ந்திருப்பர். டீசலோ கசிந்துகொண்டே இருந்திருக்கும். அழுத்தமானி காட்டுவது எண்ணெய்ப் பாதையில் உள்ள தடையின் அளவையே. தாங்கியில் படலம் நிற்கிறதா என்பதை அது நேரே காட்டுவதில்லை. கெட்டியான எண்ணெய் தடையை மிகுவித்து முள்ளை உயர்த்தும். காய்ச்சல்காரனின் நெற்றியில் ஈரத்துணி போட்டுவிட்டுக் காய்ச்சல் தணிந்தது என்பதைப் போன்றது அது.

அப்படியென்றால் 50 ஆம் எண் எண்ணெய்க்கு இடமே இல்லையா? உண்டு. வளையங்கள் தேய்ந்து, புகைபோக்கியில் நீலப்புகை வந்து, எண்ணெய் நாள்தோறும் குறையும் எஞ்சினில், கையேடு இடங்கொடுத்தால் கோடையில் அதைப் பயன்படுத்தலாம். எண்ணெய்ச் செலவு சற்றுக் குறையும். அறுவடை முடியும்வரை வண்டியை ஓட்டிக்கொள்ள உதவும் ஊன்றுகோல் அது. தேய்ந்த இரும்பு அதனால் வளர்ந்துவிடாது. எஞ்சினை முழுவதும் பழுதுபார்த்துப் புதுப்பித்த பிறகும் பழக்கத்தால் 50-ஐயே ஊற்றுவது தவறு. அப்போது இடைவெளிகள் மீண்டும் குறுகிவிடுகின்றன. கையேடு சொன்ன எண்ணுக்குத் திரும்பிவிட வேண்டும்.

பயன்பட்ட எண்ணெயின் நிலையை வீட்டிலேயே சோதிக்க எளிய வழி ஒன்றுண்டு. பள்ளி ஆய்வகத்தில் பயன்படும் வடிதாளில், சூடான எஞ்சினிலிருந்து எடுத்த எண்ணெய்த் துளி ஒன்றை விட்டுச் சில மணி நேரம் பொறுங்கள். கருமை நடுவிலிருந்து ஓரம்வரை மெல்ல மங்கிப் பரவியிருந்தால், கரியை மிதக்கவிடும் ஆற்றல் இன்னும் இருக்கிறது. நடுவில் கரிய வட்டம் கூரிய விளிம்போடு தேங்கி நின்றால் அந்த ஆற்றல் தீர்ந்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான். எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தாலோ, தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். தாளில் சோதித்துக்கொண்டிராமல் மெக்கானிக்கை அழையுங்கள்.

எண்ணெயைவிட எஞ்சினை விரைவில் தேய்ப்பது நம் ஊர்ப் புழுதி. செம்மண் புழுதியில் உள்ள நுண்மணல் எஃகையே அராவும். பழைய டிராக்டர்களில் காற்று வடிகட்டியின் அடியில் ஒரு கிண்ணம் இருக்கும். அதில் குறித்த கோடுவரை எண்ணெய் ஊற்றி வைப்பார்கள். உள்ளே வரும் காற்று அந்த எண்ணெயில் மோதித் தூசியை விட்டுவிட்டுச் செல்லும். கோடையில் புழுதி உழவு உழும் நாள்களில் இதை நாள்தோறும் திறந்து பார்க்க வேண்டும். அடியில் சேறு படிந்திருந்தால் கழுவிப் புதிய எண்ணெய் ஊற்ற வேண்டும். எஞ்சினிலிருந்து வடித்த பழைய எண்ணெயை இதில் ஊற்றிச் சிக்கனம் செய்வோர் பலர். கால் டின் எண்ணெயை மிச்சப்படுத்த முழு எஞ்சினை இழக்கும் சிக்கனம் அது. விலை உயர்ந்த எண்ணெயை வாங்கி ஊற்றிவிட்டு இந்தக் கிண்ணத்தை ஆறு மாதம் திறவாதவரைவிட, சாதாரண எண்ணெயை ஊற்றிக் கிண்ணத்தைக் கவனிப்பவரின் எஞ்சினே நெடுநாள் உழைக்கும்.

வாங்கும்போது முத்திரை உடையாத டின்னையே வாங்குங்கள். பில்லையும் கேட்டு வாங்குங்கள். சில்லறையாக அளந்து விற்கும் எண்ணெயில் எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை. நாம் இதுவரை படித்ததெல்லாம் அங்கே பயன்படாது. காலி டின்னைப் பழைய சாமான் வாங்குபவரிடம் போடுமுன் ஓர் ஆணியால் துளைத்துவிடுவது நல்லது. இல்லையேல் அதே டின் வேறொரு சரக்கோடு அலமாரிக்குத் திரும்பக்கூடும்.

வடித்த எண்ணெயை வரப்பில் கொட்டுவதும், மாட்டின் கழுத்துப் புண்ணுக்குத் தடவுவதும் நம் ஊர்களில் காணும் வழக்கம். அதில் உலோகத் துகள்களும் தோலுக்குக் கேடான கரிச் சேர்மங்களும் இருக்கின்றன. கிணற்று நீரில் கலந்தால் பிரித்தெடுப்பது அரிது. இந்திய அரசின் 2016-ஆம் ஆண்டு விதிகள் அதைத் தீங்குதரும் கழிவாகவே வகைப்படுத்துகின்றன. மூடிய டின்னில் சேர்த்து வைத்து, மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் பட்டறையிலோ எண்ணெய்க் கடையிலோ கொடுத்துவிட வேண்டும்.

எண்ணெய் மாற்றுவதற்குக் கையேடுகள் பலவும் 250 மணி நேரம் என்று கணக்குச் சொல்கின்றன. மணிமானி பழுதான வண்டிகளில் ஓட்டிய மணிகளை ஒரு நோட்டில் குறித்து வருவது மாணவர்கள் எடுத்துக்கொள்ளத்தக்க வேலை. புழுதி உழவு மிகுந்த ஆண்டில் அந்தக் கணக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள். வடிக்குமுன் எஞ்சினைச் சற்று ஓடவிட்டு, எண்ணெய் வெதுவெதுப்பானதும் சமதளத்தில் நிறுத்தி அடித்திருகைத் திறந்தால் கசடும் சேர்ந்து இறங்கிவிடும். வடிகட்டியை மாற்றி, திருகை முடுக்கி, புதிய எண்ணெயை ஊற்றி, எஞ்சினை இரண்டு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்துங்கள். எண்ணெய் தொட்டியில் வந்து தங்குவதற்கு ஐந்து நிமிடம் விட்டு, அளவுக்கோலைத் துடைத்து, விட்டு எடுத்துப் பாருங்கள். இரு கோடுகளுக்கு நடுவே, மேற்கோட்டை ஒட்டி நின்றால் மூடியைத் திருகிவிட்டுக் கலப்பையை மாட்டலாம்.